சொரியாசிஸ்: உணவும் உடற்பயிற்சியும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

நீங்கள் எழுதியதை முதலில் தொகுத்துக்கொள்கிறேன். ஏழு வருடமாகச் சொரியாசிஸ். உயரம் 168 சென்டிமீட்டர், எடை 94 கிலோ. வாரம் ஒரு நாள், நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. நான்கு மாதமாகக் கோதுமை, பால், முட்டை, தக்காளி, கத்தரிக்காய் எல்லாவற்றையும் அறவே விட்டுவிட்டீர்கள். போன மாதம் ஜிம்மில் சேர்ந்தீர்கள். வியர்வை பட்டு எரிச்சல் கூடி, இடுப்பைச் சுற்றிப் புதிதாக ஒரு திட்டு கிளம்பியிருக்கிறது. காலையில் எழுந்ததும் குதிகால் வலிப்பதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "சாப்பாட்டையும் பயிற்சியையும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் மாத்திரையை விட்டுவிடலாமா?" என்று முடித்திருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. மருந்துக்குப் பதிலாக உணவா என்பது ஒன்று. மற்றதை நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் விட்டுவிட்ட உணவுகளின் பட்டியலே அதைக் கேட்கிறது: நான் எதையோ தப்பாகச் சாப்பிட்டதால்தான் எனக்கு இது வந்ததா? தோல் மருத்துவத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். என் முன்னால் உட்காரும் பாதிப் பேர் மனதில் இந்தக் கேள்வி உண்டு.

அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சொரியாசிஸ் தப்பான சாப்பாட்டால் வருவதில்லை. ரத்தம் கெட்டுப்போய் வருவதில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்வதும் இல்லை. பிறப்போடு வந்த மரபணு அமைப்பின் மேல் ஏதோ ஒரு தூண்டுதல் விழும்போது, நோய் எதிர்ப்பு மண்டலம் காரணமில்லாமல் தோலின் மேல் பாய்கிறது. டி-அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் இன்டர்லூகின்-17, டிஎன்எஃப் போன்ற அழற்சி மூலக்கூறுகள் மூலம் மேல்தோலை விரட்டுகின்றன. அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொள்ள வேண்டிய அணு, ஒரு சில நாட்களிலேயே முதிராமல் மேலே வந்து குவிகிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளைச் செதில் அதுதான். தூண்டுதல் பலவிதமாக இருக்கலாம்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப் புண், தோலில் பட்ட காயம், புகைப்பழக்கம், மனஅழுத்தம், லித்தியம் அல்லது சில ரத்த அழுத்த மாத்திரைகள். திடீரென்று நோய் கூடும்போது நேற்று என்ன சாப்பிட்டோம் என்று மட்டும் யோசிப்பவர்கள், மூன்று வாரத்துக்கு முன் வந்த தொண்டை வலியை மறந்துவிடுகிறார்கள். அதைக் கேட்டு வாங்குவதற்கே எனக்குச் சில நேரம் பத்து நிமிடம் ஆகும்.

அப்படியானால் உணவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. எந்தப் பண்டம் என்பதில் அதைத் தேடுவதால்தான் பலருக்கு அகப்படுவதில்லை. சம்பந்தம் முக்கியமாக உடல் எடை வழியாக வருகிறது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பு என்றுதான் நாங்கள் படித்த காலத்தில் நினைத்தோம். அது ஒரு சுரப்பி போல வேலை செய்கிறது. அழற்சியைக் கூட்டும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6, லெப்டின் ஆகியவற்றைச் சுரக்கிறது. அழற்சியைத் தணிக்கும் அடிப்போனெக்டின் என்ற பொருளோ, எடை கூடக் கூடக் குறைகிறது. தோலில் எரியும் தீக்கு உடம்பின் இன்னொரு பக்கத்திலிருந்து எண்ணெய் போய்க்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் செவிலியர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வின் முடிவு 2007-ல் வந்தது. உடல் நிறை குறியீட்டெண் 35-க்கு மேல் இருந்த பெண்களுக்குப் புதிதாகச் சொரியாசிஸ் வரும் வாய்ப்பு, இயல்பான எடையுள்ளவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேலாக இருந்தது. உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் அந்த எண் 33-ஐத் தாண்டுகிறது.

எடை கூடினால் நோய் வரும் வாய்ப்பு கூடும் என்பது ஒன்று. குறைத்தால் வந்த நோய் தணியுமா என்பது வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவதற்கான விடை. 2014-ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று ஏறக்குறைய உங்களைப் போன்றவர்களை வைத்தே நடந்தது. எடை அதிகமுள்ள 303 பேர். எல்லோருக்கும் மாத்திரையோ ஊசியோ தொடங்கி நான்கு வாரமாகியும் தோல் முழுதாகத் தெளியவில்லை. ஒரு பாதிக்கு எடையைப் பற்றி அறிவுரை மட்டும். மறுபாதிக்கு 20 வாரம் முறையான உணவுத் திட்டமும் உடற்பயிற்சியும். நோயின் தீவிரத்தை அளக்கும் பாசி (PASI) மதிப்பெண் அறிவுரைக் குழுவில் சுமார் 25 சதவீதம் இறங்கியது, உணவும் பயிற்சியும் சேர்ந்த குழுவில் 48 சதவீதம். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: இரு குழுவினரும் மருந்தை எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். கூடுதல் பலன் மருந்தின் மேல் வந்த பலன்.

இதற்கு ஒரு வருடம் முன்பு டென்மார்க்கில் 60 பேரை வைத்து நடந்த ஆய்வு அவ்வளவு தெளிவாக இல்லை. கடுமையாகக் கலோரி குறைத்த குழு, மற்றதைவிடச் சராசரியாக 15 கிலோ அதிகம் இளைத்தது. வாழ்க்கைத் தரம் நிச்சயமாக மேம்பட்டது. தோலும் மேம்பட்டது போலத்தான் தெரிந்தது. ஆனால் புள்ளியியல் கணக்கில் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லையை மயிரிழையில் தாண்டவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்து வைத்து நான் சொல்வது இதுதான். எடை அதிகமுள்ளவர்களுக்கு எடை குறைப்பு உதவுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. எடை குறைப்பு மட்டுமே மிதமான, கடுமையான சொரியாசிஸைத் துடைத்தெடுத்துவிடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. என் அனுபவத்தில் அப்படி முழுதாகத் தெளிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கும் முதலிலேயே நோய் லேசாகத்தான் இருந்தது.

மருந்துக் கணக்கிலும் எடை நுழைகிறது. உஸ்டெகினுமாப் என்ற ஊசி, 100 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு 45 மில்லிகிராமுக்குப் பதில் 90 மில்லிகிராம் போடப்படுகிறது. எடை கூடினால் பல மருந்துகள் மந்தமாகின்றன. நீங்கள் எடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் விஷயத்தில் இன்னொரு கவலையும் உண்டு. அது கல்லீரலைப் பாதிக்கும் அபாயம் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு அதிகம். கொழுப்பு படிந்த கல்லீரலின் மேல்தான் அந்த மருந்தும் போய் இறங்குகிறது. எனவே நீங்கள் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் மருந்தைப் பாதுகாப்பாகத் தொடரவும் வழி செய்கிறது. மது அருந்தும் பழக்கம் இருந்தால், உணவு விஷயத்தில் நான் தயங்காமல் விடச் சொல்லும் ஒரே பொருள் அதுதான். நோயையும் தூண்டும், மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ந்து கல்லீரலையும் கெடுக்கும்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். கோதுமையைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. 2000-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்த சொரியாசிஸ் நோயாளிகள் குளூட்டனை விட்டபோது தோல் மேம்பட்டது. ஆன்டிபாடி இல்லாத சிலரும் அதே பத்தியம் இருந்தார்கள். அவர்களுக்குப் பலன் இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் அதன் போக்கு பின்னால் வந்த பரிந்துரைகளோடு ஒத்துப்போகிறது. அமெரிக்காவின் தேசியச் சொரியாசிஸ் அறக்கட்டளையின் மருத்துவக் குழு 55 ஆய்வுகளை அலசி 2018-ல் தந்த பரிந்துரையில், பருமன் உள்ளவர்கள் கலோரி குறைத்து எடையிறக்க வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னது. குளூட்டனை விடுவதை, ரத்தப் பரிசோதனையில் அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் பலவீனமான பரிந்துரையாகத்தான் வைத்தது. நீங்கள் இங்கே ஒரு சிக்கலில் மாட்டியிருக்கிறீர்கள். குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான அந்தப் பரிசோதனை, குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் சரியாகக் காட்டும். நான்கு மாதம் விட்டபின் எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். வயிற்றுப்போக்கு, வயிற்று உப்பசம், காரணம் தெரியாத ரத்தசோகை இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது சீலியாக் இருந்தாலோ, மருத்துவரிடம் கேட்டுக் குறைந்தது 6 வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டுப் பரிசோதியுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் கோதுமையை நீங்கள் விட்டிருக்கத் தேவையில்லை.

தக்காளி, கத்தரிக்காய் சங்கதி வேறு. 2017-ல் அமெரிக்காவில் 1,206 சொரியாசிஸ் நோயாளிகளிடம் கேட்டு வெளியிட்ட கணக்கெடுப்பில், அந்த வகைக் காய்களை விட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தோல் மேம்பட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் சொரியாசிஸ் தானாகவே கூடிக் குறையும் நோய். உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் எதையாவது விட்டுப் பார்ப்பார். உச்சத்திலிருந்து அது தானாக இறங்கும்போது, விட்ட பண்டத்துக்குப் பழி போய்ச் சேர்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத எந்தக் கணக்கெடுப்பிலும் இந்தப் பிழையைப் பிரித்தெடுக்க முடியாது. பாலும் முட்டையும் இதே வகைதான்.

இந்தக் குற்றவாளி வேட்டையைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவதுண்டு. ஒருவர் ஒவ்வொரு முறை நோய் கூடும்போதும் ஒரு பண்டமாக விட்டுக்கொண்டே வந்து, ஒரு வருடத்தில் நாலைந்து பொருளில் வாழ்ந்துகொண்டிருந்தார். வீட்டில் அவருக்குத் தனிச் சமையல். எந்த விருந்துக்கும் போவதில்லை. தோல் அப்படியேதான் இருந்தது. புரதம் குறைந்து முடி கொட்டத் தொடங்கியபோது, அதையும் சொரியாசிஸ் என்று நினைத்து மேலும் ஒரு பண்டத்தை விட்டிருந்தார். விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வைப்பதற்கு நான் பட்ட பாடு, மருந்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்குக்கூடப் பட்டதில்லை. இதில் எங்கள் தரப்புப் பிழையையும் சொல்ல வேண்டும். தொழிலின் முதல் சில வருடங்களில் யாராவது உணவைப் பற்றிக் கேட்டால் "அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். பதில் கிடைக்காதவர்கள் பதில் சொல்பவர்களைத் தேடிப் போனார்கள். அந்த வரி முழு உண்மையும் அல்ல என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

மாத்திரையாக வரும் சத்துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீன் எண்ணெயைச் சோள எண்ணெயோடு ஒப்பிட்டு 145 பேரை நான்கு மாதம் கவனித்த ஆய்வு 1993-ல் வந்தது. மீன் எண்ணெய் மேலாக இல்லை. குளிர்காலத்தில் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த நார்வே ஆய்வு 2023-ல் வந்தது. 122 பேரில் நோயின் தீவிரத்தில் வேறுபாடு இல்லை. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்தால் எலும்புக்காக எடுங்கள், தோலுக்காக வேண்டாம். காய்கறி, பழம், பருப்பு, கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய் என்று போகும் மத்திய தரைக்கடல் பாணி உணவை நெருங்கிக் கடைப்பிடிப்பவர்களிடம் கடுமையான சொரியாசிஸ் குறைவு என்று 2018-ல் ஒரு பெரிய பிரெஞ்சு ஆய்வு கண்டது. உணவால் நோய் குறைந்ததா, நோய் குறைவாக இருப்பவர்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்களா என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியாது. ஆனாலும் இதயத்துக்கு நல்லது என்ற வகையில் நான் அதைப் பரிந்துரைக்கிறேன். கடுமையான சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடுதல் என்பது 2006 முதல் நமக்குத் தெரியும்.

உடற்பயிற்சியால் நோய் கூடிவிட்டது என்று நீங்கள் பயந்து நிறுத்திவிடக் கூடாது என்பதே இதை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம். இடுப்பில் வந்த திட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கால்சட்டையின் எலாஸ்டிக் பட்டை அழுத்தும் வரியிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். தோல் உரசினாலோ கீறினாலோ அதே கோட்டில் சொரியாசிஸ் முளைக்கும். இதை 19-ஆம் நூற்றாண்டிலேயே கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் கவனித்தார், இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறோம். பெரும்பாலும் காயம் பட்டு 10 முதல் 20 நாட்களுக்குள் தெரியும். நீங்கள் ஜிம்மில் சேர்ந்த தேதியோடு கணக்குச் சரியாக இருக்கிறது. குற்றம் உடையின் மேல். பயிற்சியின் மேல் இல்லை. தளர்ந்த, தையல் உரசாத உடை போடுங்கள். தொடை இடுக்கு, அக்குள், இடுப்பு வரி ஆகிய இடங்களில் பயிற்சிக்கு முன் மெல்லியதாக வாசலின் தடவுங்கள். வெடித்த திட்டில் வியர்வை பட்டால் எரியும். அது நோயைக் கூட்டுவதாகப் பொருள் அல்ல. முடிந்ததும் இளஞ்சூட்டு நீரில் குளித்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மூன்று நான்கு நிமிடத்துக்குள் ஈரப்பதம் காக்கும் கிரீமைப் பூசிவிடுங்கள். உள்ளங்கையில் வெடிப்பு இருந்தால் எடை தூக்கும் கம்பியை உறையில்லாமல் பிடிக்க வேண்டாம். நீச்சல் நல்லது, குளோரினைக் கழுவிவிட்டு கிரீம் பூச வேண்டும், அவ்வளவே.

பயிற்சி தனியாகத் தோலுக்கு உதவுமா என்பதில் ஆதாரம் எடையைப் போல வலுவாக இல்லை. 86,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களைக் கொண்ட 2012 ஆய்வில், ஓட்டம் போன்ற மூச்சிரைக்கும் பயிற்சி அதிகம் செய்தவர்களுக்குப் புதிதாகச் சொரியாசிஸ் வருவது சுமார் கால்பங்கு குறைவாக இருந்தது; நடைக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆனால் அது நோய் வருவதைப் பற்றியது, வந்த நோய் தணிவதைப் பற்றியது அல்ல. அதனால் நடை வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இறங்கிய எடை மறுபடி ஏறாமல் காப்பது பயிற்சிதான். தூக்கமும் மனமும் தெளிவதை நான் ஒவ்வொருவரிடமும் பார்த்திருக்கிறேன். பிறர் பார்வைக்கு அஞ்சி முழுக்கை, முழுக்கால் மூடி வியர்த்துத் தவிப்பவர்களும் உண்டு. கொஞ்ச நாளைக்கு வீட்டிலேயே செய்வதில் எந்த இழுக்கும் இல்லை. துணியைக் குறைப்பதை உங்கள் மனம் ஒப்பும் வேகத்தில் செய்யுங்கள்.

மாத்திரைக்கு வருகிறேன். இப்போது விடாதீர்கள். ஒருவேளை பிறகு குறைக்கலாம், அதையும் மருத்துவரோடு சேர்ந்து. ஆறு மாதத்தில் 94 கிலோவில் 5 சதவீதம், அதாவது ஐந்து கிலோவை இலக்காக வையுங்கள். மூட்டைப் பாதித்த சொரியாசிஸில், டிஎன்எஃப் தடுப்பு ஊசி தொடங்கிய 138 பேரை வைத்து நடந்த ஆய்வில், 5 சதவீதமாவது இளைத்தவர்களுக்கே நோய் அதிகம் அடங்கியது. ஐந்து கிலோ இறங்கி, தோலும் ஆறு மாதம் அமைதியாக இருந்தால், அளவைக் குறைப்பதைப் பற்றிப் பேச உங்கள் கையில் ஒரு நியாயம் இருக்கும். அதுவரை வாரம் ஒரு நாள் என்பதை வாரம் ஒரு நாளாகவே வைத்துக்கொள்ளுங்கள். தவறிப்போய்த் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். உட்பொருள் எழுதப்படாத பொடியோ குளிகையோ யாராவது தந்தால் மறுத்துவிடுங்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முதல் வாரம் தோல் பளிங்காகும். நிறுத்தியதும் நோய் சீழ்க்கொப்புளங்களோடு திரும்பி வரலாம்.

விட்ட உணவுகளைத் திரும்பச் சேர்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்க்காமல், மூன்று வாரத்துக்கு ஒன்றாக முட்டை, பால், தக்காளி, கத்தரிக்காய் என்று சேருங்கள். வாரம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில் ஒரே இடத்தைப் படமெடுத்து வையுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். ஏதாவது ஒன்றில் உண்மையாகவே கூடுகிறது என்று இரண்டு முறை தெரிந்தால் அதை மட்டும் விடுங்கள். அது உங்கள் உடம்பு, உங்கள் அனுபவம், அதை நான் மறுக்க மாட்டேன். உங்கள் தோலை நான் பார்க்கவில்லை, ரத்த அறிக்கையும் என்னிடம் இல்லை. அதனால் இங்கே சொன்னதில் மருந்தைத் தொடுவது எதுவானாலும் உங்கள் மருத்துவரின் சொல்லே முடிவு.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய குதிகால் வலிதான் எனக்கு இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருகிறது. சொரியாசிஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு வரை மூட்டுப் பாதிப்பு வரலாம். பெரும்பாலும் தோலில் தொடங்கிச் சில வருடங்கள் கழித்து. தசைநார் எலும்பில் வந்து சேரும் இடத்தில் ஏற்படும் அழற்சி அதன் தொடக்கமாக இருப்பதுண்டு, குதிகால் அதற்குப் பிடித்த இடம். ஜிம்மில் குதித்ததால் வந்த வெறும் வலியாகவும் இருக்கலாம். காலை எழுந்ததும் விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா, நடக்க நடக்கக் குறைகிறதா, ஏதாவது ஒரு விரல் முழுதும் வீங்கியிருக்கிறதா, நகத்தில் ஊசி குத்தியது போலக் குழிகள் உண்டா என்று இன்றே பாருங்கள். ஒன்றுக்காவது ஆமென்றால் அடுத்த மாதச் சந்திப்புக்குக் காத்திராமல் இந்த வாரமே மூட்டு நோய் மருத்துவரைப் பாருங்கள். மூட்டு ஒருமுறை அரித்துவிட்டால் எந்த உணவாலும் மருந்தாலும் திரும்ப வராது. அவர் பார்த்துச் சொல்லும்வரை குதிப்பது, ஓடுவது வேண்டாம். மிதிவண்டியும் நீச்சலும் தொடரலாம்.